சின்னத் தொட்டியில் மணலும் விளக்கும்

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் தன் கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றி எழுதினார். கடலிலிருந்து நீர், கடலடியிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறை, மணல், குமிழிவிடும் ஒரு காற்றுக்குழாய். விளக்குக்குப் பதில் வெயில். அதில் பவளங்கள் வாழ்ந்தன. எந்த மணல் நல்லது, எந்த விளக்கு நல்லது என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. இரண்டும் வீட்டுக்கு வெளியே கிடைத்தன. கேள்வி பிறந்தது அந்தத் தொட்டி வெயில் குறைந்த வடக்கு நாடுகளின் வரவேற்பறைகளுக்குள் போனபோதுதான். வெயிலுக்குப் பதில் ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. மணலைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கும் எதற்கும் கட்சிகள் உண்டாகும், இதற்கும் உண்டாயின.

இன்று நூறு லிட்டருக்குக் குறைந்த ஒரு தொட்டியில் பவளம் வளர்க்க நினைப்பவர் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான். பதில்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஐநூறு, ஆயிரம் லிட்டர் தொட்டிகளில் கண்டறியப்பட்டு, அளவை மட்டும் சுருக்கி நம்மிடம் வந்தவை. மணலும் ஒளியும் அப்படிச் சுருங்குபவை அல்ல. அதைக் காட்ட ஒரே ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம்: 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். விளிம்புவரை நிரப்பினால் 96 லிட்டர்.

முதலில் மணல். தொடக்கத்தில் அது வடிகட்டியாகவே தொட்டிக்குள் வந்தது. அடியில் துளையிட்ட தட்டு, அதன்மேல் உடைத்த பவளக் கற்கள், அவற்றினூடே நீரை இழுக்கும் குழாய். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு அது நல்ல இடம். ஆனால் நைட்ரேட் அங்கேயே தங்கியது, கற்களுக்கிடையே கழிவு அடைந்தது. மீனுக்கு அது பொறுக்கும், பவளத்துக்குப் பொறுக்காது. அதற்கு எதிர்வினையாக வந்த பெர்லின் முறை மணலையே தூக்கி வெளியே போட்டது. உயிர்ப்பாறையும் கழிவை நுரையாகப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும் போதும், தொட்டியின் அடி வெறும் கண்ணாடியாக இருக்கட்டும் என்றார்கள். 1980களில் மொனாக்கோவில் ழான் ஜோபேர் மணலைத் திரும்பக் கொண்டுவந்தார். படுகைக்குக் கீழே நீர் தேங்கும் ஒரு வெற்றிடம், அதன்மேல் கனமான மணல் அடுக்கு. ஆக்சிஜன் குறைந்த அந்த ஆழத்தில் வேறுவகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும் என்பது கணக்கு. பிறகு அமெரிக்க விலங்கியலாளர் ரான் ஷிமெக், வெற்றிடம் வேண்டாம், பொடி மணலைப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் போட்டு, புழுக்களையும் நுண்ணுயிர்களையும் குடியேற்றினால் அவை மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும் என்றார். 2005இல் ராப் டூனனும் கிறிஸ்டோபர் வீயும் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெற்றிடத்தால் தனி நன்மை எதுவும் தெரியவில்லை. ஆழமும் அதன் ஆதரவாளர்கள் சொன்ன அளவுக்கு வித்தியாசம் காட்டவில்லை.

இந்தச் சண்டையில் யார் வென்றார்கள் என்பது நம் 96 லிட்டருக்கு ஒரு பொருட்டே அல்ல. பன்னிரண்டு சென்டிமீட்டர் மணல் போட்டால் 28 லிட்டருக்கு மேல் இடம் போய்விடும். தொட்டியில் பத்தில் மூன்று பங்கு. மிஞ்சிய உயரத்தில் பாறையை அடுக்கினால் மீன் திரும்புவதற்கு இடமிராது. அதோடு, ஆழ்மணலை உயிரோடு வைத்திருக்கும் புழுக்கூட்டம் பெருகித் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளப் பரப்பு வேண்டும். 60க்கு 40 என்பது ஒரு தலையணை அளவு. நாளடைவில் சில இனங்கள் மறைந்து ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சும். பிறகு மணல் இறுகும், அடியில் கறுப்புப் பட்டை தெரியும், கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு. ஆயிரம் லிட்டரில் கொஞ்சம் கசிந்தால் கரைந்து போகும். இங்கே ஒரே இரவில் எல்லாவற்றையும் கொன்றுவிடக் கூடும்.

ஆகவே சின்னத் தொட்டிக்கு மணல் மெல்லிசாக, இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் போதும். நைட்ரேட்டைக் குறைக்கும் வேலையைப் பாறையின் உள்துளைகளும் வாராந்திர நீர்மாற்றமும் பார்த்துக்கொள்ளும். மூன்று சென்டிமீட்டர் என்றால் நம் தொட்டிக்கு ஏழேகால் லிட்டர் மணல். எடையில் பத்து, பதினொரு கிலோ. கடைக்காரர் இருபது கிலோ மூட்டையைத் தள்ளிவிடப் பார்த்தால் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

என்ன மணல் என்பதில் ஒரு நம்பிக்கை கல்லில் பொறித்ததுபோல் நிற்கிறது: அரகோனைட் மணல் கரைந்து நீரின் காரத்தன்மையைக் காக்கும், பி.எச். இறங்காமல் பிடித்து வைக்கும். அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். பவளத்தின் எலும்புக்கூடும் அதனால் ஆனதுதான். ஆனால் வெப்பமண்டலக் கடலின் மேல்நீர் ஏற்கெனவே அரகோனைட்டால் மிகைநிறைவுற்றது. பி.எச். 8.1, 8.2 என்றிருக்கும் நீரில் அது கரைய வேண்டிய கட்டாயமே இல்லை. கால்சியம் ரியாக்டர் என்ற கருவியில் இதே பொருளைக் கரைப்பதற்கு கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, பி.எச். ஏழுக்கும் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தொட்டி நீரில் மணல் கணிசமாகக் கரைகிறதென்றால் பவளங்கள் அதற்கு முன்பே செத்திருக்கும். மணலடியில் பி.எச். சற்றுக் குறைவதால் கொஞ்சம் கரையும், அவ்வளவே. வளரும் பவளத்தின் பசிக்கு அது காணாது. கால்சியமும் காரத்தன்மையும் உப்புக் கலவையிலிருந்தும் நாம் சேர்க்கும் கரைசலிலிருந்தும்தான் வர வேண்டும்.

அப்படியிருந்தும் நான் அரகோனைட்டைத்தான் பரிந்துரைப்பேன். காரணம் வேறு. அது வெண்மையானது, அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். சரியான பருமனில் சலித்துக் கிடைக்கிறது. மற்ற மணல்களோடு வரும் வேண்டாத விருந்தாளிகள் இதில் குறைவு. ஒரு குறை மட்டும் உண்டு: கால்சியம் கார்பனேட் பாஸ்பேட்டைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். பழைய தொட்டியிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மணல் அந்தப் பழைய தொட்டியின் பாஸ்பேட்டையும் சேர்த்துத்தான் கொண்டுவரும்.

சிலிக்கா மணலைக் கண்டு அஞ்சுபவர்கள் சொல்வது, அதிலிருந்து சிலிக்கேட் கரைந்து பழுப்பு டயாட்டம் படலம் வரும் என்பது. குவார்ட்ஸ் கடல்நீரில் கரையும் வேகம் மிகமிகக் குறைவு. டயாட்டத்துக்குத் தீனி போடுவது பெரும்பாலும் மணல் அல்ல, உப்பைக் கலக்க நாம் எடுத்த ஆழ்துளைக் கிணற்று நீர். சாதாரண வீட்டு ஆர்.ஓ. கருவியைத் தாண்டியும் சிலிக்கேட் கொஞ்சம் வந்துவிடும். அயனி நீக்கும் பிசின் குப்பி ஒன்றைப் பின்னால் பூட்டினால் நின்றுவிடும். சிலிக்காவின் உண்மையான குறை, கட்டுமானத்துக்கு உடைத்த மணலாக இருந்தால் அதன் விளிம்பு கூராக இருப்பது. மணலில் புதைந்து உறங்கும் மீனின் வயிற்றை அது கீறும்.

நம் கடற்கரை மணல் இலவசமாகக் கிடக்கிறதே என்று தோன்றுவது இயல்பு. தமிழகக் கரையின் பெரும்பகுதி குவார்ட்ஸ் மணல். தெற்கே போகப் போக இல்மனைட், கார்னெட், மோனசைட் போன்ற கன கனிமங்கள் கலந்தது. மணவாளக்குறிச்சியில் அவற்றைப் பிரித்தெடுக்கவே ஆலை இருக்கிறது. இரும்புக் கனிமம் கலந்த கறுப்புத் துகள்கள் பம்பின் காந்தத்தில் போய் ஒட்டி, சுழலியை அரித்துவிடும். வாங்கும் எந்த மணலுக்கும் இரண்டு சோதனைகள் போதும். ஒரு கரண்டி மணலில் வினிகர் ஊற்றினால் நுரைத்துப் பொங்க வேண்டும். பொங்கினால் சுண்ணாம்பு வகை. உலர்ந்த மணலில் காந்தத்தை ஓட்டினால் எதுவும் ஒட்டக் கூடாது.

மன்னார் வளைகுடாத் தீவுகளில் வினிகரில் பொங்கும் மணல் உண்டு. அதைத் தொடக் கூடாது. பவளத்தை வெட்டி எடுத்ததே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். 1986 முதல் அந்தத் தீவுக்கூட்டம் கடல்சார் தேசியப் பூங்கா. 2001இல் கடினப் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அது; கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றமே. இந்தச் சட்டத்துக்கு விளக்கோடும் தொடர்பு உண்டு.

மணலில் மிஞ்சியிருப்பது பருமன். இதை முடிவு செய்வது அழகல்ல, நீரோட்டம். சர்க்கரை போன்ற அரை மில்லிமீட்டர் மணல் பார்க்க அருமை. பஹாமாஸ் கடலின் ஊலைட் மணல் அப்படிப்பட்டது. ஆனால் சின்னத் தொட்டியில் நீரோட்டம் தரும் பவர்ஹெட் பம்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் மணலுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும். பொடி மணல் ஒரு மூலையில் குன்றாகக் குவியும், எதிர் மூலையில் கண்ணாடி தெரியும், பவளத்தின் மேல் தூசாகப் படியும். மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பவளச் சரளை நகராது. ஆனால் மீன் தின்னாமல் விட்ட ஒவ்வொரு துணுக்கும் அதன் இடுக்கில் விழுந்து அழுகும். ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் என்பதே சின்னத் தொட்டிக்குத் தோதான அளவு. உறிஞ்சு குழாயால் மேலாகச் சுத்தம் செய்யும்போது கழிவு ஏறும், மணல் கீழே தங்கும்.

பிஸ்டல் இறாலும் காவல் கோபி மீனும் சேர்ந்து குடியிருக்கும் வளையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் பொடியையும் சரளையையும் கலந்து போடலாம். பொடி மட்டும் என்றால் வளை சரிந்துகொண்டே இருக்கும். மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே சலிக்கும் கோபி வகைகளை மட்டும் வாங்க வேண்டாம். மணல் பளிச்சென்று ஆகும். சில வாரங்களில் அதிலிருந்த உணவு தீர்ந்து மீன் மெலியும். அதற்கும் பரப்புதான் குறை. நாசேரியஸ் நத்தைகள் நாலைந்து விட்டால் அந்த வேலையை அமைதியாகச் செய்யும்.

விளக்குக்கு வருவோம். இங்கே குழப்பம் அளவைகளில் தொடங்குகிறது. லிட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கு, எல்லாரும் ஒரே வகைக் குழல்விளக்கைப் போட்டிருந்த காலத்தில் ஓரளவு பொருந்தியது. வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். உமிழும் ஒளி அல்ல. கெல்வின் என்பது கண்ணுக்குத் தெரியும் நிறத்தின் தொனி. 6500 என்றால் பகல் வெண்மை, 20,000 என்றால் ஆழ்நீலம். இரண்டு விளக்குகளுக்கு ஒரே கெல்வின் எண் இருந்தும் உள்ளே இருக்கும் அலைநீளங்கள் வேறாக இருக்கலாம். கைபேசிச் செயலிகள் காட்டும் லக்ஸ் அதைவிட ஏமாற்றும். அது மனிதக் கண் அதிகம் உணரும் பச்சையை ஒட்டிய அளவை. வெயிலில் சுமார் 54 லக்ஸுக்கு ஒரு மைக்ரோமோல் (அதைப் பற்றி அடுத்து) என்று மாற்றிக்கொள்ளலாம். நீல விளக்கில் அந்தக் கணக்கு சரிந்துவிடும், பவளம் பொசுங்கிக்கொண்டிருக்கும்போது செயலி இன்னும் போதவில்லை என்று சொல்லும்.

பவளத்துக்குப் பொருந்தும் அளவை, 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை விழுகின்றன என்பது. வளர்ப்பவர்கள் ‘பார்’ என்பார்கள், அலகு மைக்ரோமோல். நடுப்பகல் வெயிலில் கடல் மேற்பரப்பில் சுமார் 2000. கிளைப் பவளமான அக்ரோபோராவைத் தொட்டியில் 200 முதல் 350 வரை கொடுத்து வளர்க்கிறார்கள். தோல்பவளம் போன்ற மென்பவளங்களுக்கு 80 முதல் 150. காளான் பவளங்களும் சோவான்திட் பூக்கூட்டமும் 50இலேயே நன்றாக இருக்கும்.

சட்டம் விளக்கைத் தொடும் இடம் இதுதான். தோல்பவளம், காளான், சோவான்திட் ஆகியவை கடினப் பவள வரிசையில் சேர்ந்தவை அல்ல. இந்தியாவில் தயக்கமின்றி வளர்க்கக் கூடியவை பெரும்பாலும் குறைந்த ஒளியில் வாழ்பவை. எனவே அக்ரோபோராவுக்கென்று செய்த விளக்கை வாங்கி, மூன்றிலொரு பங்கில் ஓட்டுவதில் பொருளில்லை. (சோவான்திட் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் வெட்டக் கூடாது. அவை ஒட்டிய பாறையைச் சுடுநீரில் போட்டுக் கழுவவே கூடாது.)

எத்தனை ஒளி என்பதற்கு அடுத்தது எந்த ஒளி. பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளில் பச்சையம் ஏ, பச்சையம் சி2, பெரிடினின் ஆகிய நிறமிகள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து 420க்கும் 500 நானோமீட்டருக்கும் இடையிலான நீலப் பகுதியை ஆவலோடு வாங்கிக்கொள்கின்றன. பச்சையத்துக்குச் சிவப்பும் பிடிக்கும். அப்படியானால் சிவப்பையும் தாராளமாகக் கொடுக்கலாமே? 2014இல் டிம் விஜ்கெர்டேயும் தோழர்களும் நெதர்லாந்தில் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் தருகிறது. ஸ்டைலோபோரா பவளத் துண்டுகளை ஆறு வாரம் நீலத்தில், சிவப்பில், இரண்டும் பாதிப் பாதி கலந்ததில் வைத்தார்கள். நீலத்தில் மிக அதிகம் பிழைத்தன. 256 மைக்ரோமோல் சிவப்பில் பிழைத்தவை குறைவு. பாதி நீலம் கலந்திருந்தும் சிவப்பின் கெடுதல் ஒரு பகுதி நீங்கவில்லை.

சிவப்பை நீக்கும் வேலையைக் கடல் ஏற்கெனவே செய்துவிடுகிறது. 680 நானோமீட்டர் சிவப்பு தெளிந்த நீரில் ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் பத்தில் ஒரு பங்காகிவிடும். நம் தொட்டியில் நீரின் ஆழம் நாற்பது சென்டிமீட்டர்கூட இல்லை. அதில் சிவப்பின் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாது. பத்து மீட்டர் நீர் செய்ய வேண்டிய வடிகட்டலைச் சின்னத் தொட்டியில் விளக்கே செய்தாக வேண்டும். நீல விளக்குகள் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு என் பதில் இதுதான். அவற்றின் ஒரு பகுதி அலங்காரமும்தான். 420 ஊதாவிலும் 450 நீலத்திலும் பவளத்தின் ஒளிர் புரதங்கள் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் மின்னுகின்றன. அந்த மினுக்கம் நம் கண்ணுக்கு. அதற்காக முழு நீலத்திலேயே தொட்டியை மூழ்கடித்தால் மீனின் நிறம் தெரியாது, மணலில் என்ன வளர்கிறது என்பதும் தெரியாது. நீலம் முதன்மையாக, வெள்ளை துணையாக, சிவப்பும் பச்சையும் மருந்தளவு.

கருவி வகைகளில் இன்று அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மெட்டல் ஹாலைடு அழகான ஒளி. மேசையில் விழும் நீர்நிழல் நடனத்தை அதைப்போல் எதுவும் தருவதில்லை. ஆனால் 150 வாட் ஹாலைடைச் சென்னை மே மாதத்தில் 96 லிட்டர் நீருக்கு மேல் தொங்கவிட்டால் சில்லரும் சேர்த்து வாங்க வேண்டும். அறையே 33, 34 டிகிரி இருக்கும்போது நீரை 26இல் நிறுத்துவது ஏற்கெனவே பெரும்பாடு. டி5 குழல்கள் நிழலில்லாமல் சீராகப் பரப்பும். 24 வாட் குழலின் நீளம் 55 செ.மீ., நம் தொட்டிக்குக் கச்சிதம். ஆனால் வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டும், நல்ல நீலக் குழல்கள் இங்கே கிடைப்பது அரிதாகிவருகிறது. நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா 1993இல் உருவாக்கிய பிரகாசமான நீல எல்.இ.டி.யே கடைசியில் இந்தச் சந்தையை முழுக்க மாற்றியது. அவருக்கும் அகாசாகி, அமானோ இருவருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது அந்த நீல எல்.இ.டி.க்காகத்தான். பவளம் வளர்ப்பவர்களும் அதில் கொஞ்சம் கைதட்டியிருப்பார்கள்.

எல்.இ.டி.க்கு ஒரு குணம்: ஒளி ஒரு புள்ளியிலிருந்து பிறக்கிறது. கீழே நேராக வைத்த பவளத்தில் 250, பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி 60 என்று ஏறியிறங்கும். பாறையின் மறுபக்கம் இருட்டு. விளக்கை நீரிலிருந்து இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் உயர்த்தி, முன்னே பால்கண்ணாடி போன்ற பரப்பி இருக்கும் வகையை வாங்கினால் இது தணியும். இங்கேதான் வெள்ளை மணல் வேலைக்கு வருகிறது. கீழே விழும் ஒளியில் ஒரு பகுதியை அது மேலே திருப்பி, பாறையின் அடிப்பக்கத்துக்கும் பவளத்தின் கீழ்த்தோலுக்கும் கொடுக்கிறது. கறுப்பு மணல் போட்டால் மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும், ஆனால் அந்த ஒளி மணலிலேயே செத்துப்போகும். அகலமான தொட்டியில் இரண்டு மூன்று விளக்குகள் ஒன்றின் நிழலை மற்றொன்று நிரப்பும். ஒற்றை விளக்கு மட்டுமே தொங்கும் சின்னத் தொட்டியில் மணலே இரண்டாவது விளக்கு.

முதல் இரண்டு மாதம் அந்த வெள்ளை மணல் வெள்ளையாக இருக்காது. டயாட்டம் பழுப்பு, பிறகு பச்சை, சிலருக்குச் செந்நிற சயனோபாக்டீரியா விரிப்பு. இந்தக் கட்டத்தில் பலர் விளக்கை மாற்றுகிறார்கள், மணலை மாற்றுகிறார்கள், இரண்டையும் மாற்றி மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். செய்ய வேண்டியது ஒளியை ஆறு மணி நேரமாகக் குறைப்பது, நீரோட்டம் மணல்மேல் மெல்ல வருடும்படி பம்பைத் திருப்புவது, காத்திருப்பது. புதுப் பவளம் வந்ததும் விளக்கைப் பாதியில் வைத்து, மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்றி, நாளுக்கு எட்டொன்பது மணி நேரத்தில் நிறுத்தலாம். ஒளி குறைந்தால் பவளம் மெல்லப் பழுப்பேறி நமக்கு அவகாசம் கொடுக்கும். ஒளி மிகுந்தால் சில நாளிலேயே பாசியைத் துப்பி வெளிறிவிடும்.

பவளம் வாங்கச் சென்னைக் கொளத்தூர் மீன்சந்தைக்கோ வேறெங்கோ போகும்போது, கடைத்தொட்டி அநேகமாக முழு நீலத்தில் மின்னிக்கொண்டிருக்கும். எல்லாமே அழகாகத் தெரியும். கடைக்காரரிடம் வெள்ளையைப் போடச் சொல்ல வேண்டும். போட மாட்டேன் என்றால் கைபேசி டார்ச்சை அடித்துப் பார்க்கலாம். வெள்ளையில் பழுப்பாகத் தெரிவது குறையல்ல, உள்ளே பாசி நிறைந்திருக்கிறது என்று பொருள். பால்போல வெளிறித் தெரிந்தால், நீலத்தில் எவ்வளவு மின்னினாலும், வாங்க வேண்டாம்.